மடக்கை விதிகள்

கணிதத்தில் மடக்கை விதிகள் என்பன மடக்கைகள் இடம்பெறும் கோவைகளைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் முற்றொருமைகள் ஆகும். பெருக்கலைக் கூட்டலாகவும், வகுத்தலைக் கழித்தலாகவும், அடுக்கேற்றலைப் பெருக்கலாகவும், மூலம் காண்பதை வகுத்தலாகவும் மாற்றித் தருவது இவ்விதிகளின் சாரம் எனலாம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970கள் வரை வானியலாளர், மாலுமிகள், நில அளவையாளர், பொறியாளர் ஆகியோர் தமது நீண்ட கணக்கீடுகளை இவ்விதிகளைக் கொண்டே செய்துவந்தனர். கணிப்பான்கள் பரவிய பின்னர் கைக்கணக்கீட்டுக்கு மடக்கையின் தேவை குறைந்துவிட்டது. ஆயினும் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கும், நுண்கணிதத்திலும், ஒலியியல், வேதியியல், கணினியியல் ஆகிய துறைகளிலும் இவ்விதிகள் தொடர்ந்து பயன்படுகின்றன.

மடக்கை விதிகள் புதிய உண்மைகள் அல்ல. அடுக்குக்குறி விதிகளை மறுபக்கத்திலிருந்து நோக்கினால் கிடைப்பவையே. ஒவ்வொரு விதியும் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டே உண்மையாகும். அந்நிபந்தனைகளைக் கருதாது ஒரு கோவையைச் சுருக்கினால், சமன்பாட்டுக்கு உரித்தல்லாத தீர்வு புகுந்துவிடவோ, உரிய தீர்வு விடுபட்டுப் போகவோ கூடும்.

வரையறையும் குறியீடும்

அ என்பது 1 அல்லாத ஒரு மிகை மெய்யெண் எனவும், க என்பது ஏதேனும் ஒரு மிகை மெய்யெண் எனவும் கொள்க. க என்னும் எண்ணைப் பெறுவதற்கு அ என்னும் எண்ணை எந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டுமோ, அந்த அடுக்கே அ அடிமானத்தில் க இன் மடக்கை எனப்படும். அடிமானம் என்பதை அடி என்றும் வழங்குவர்.

இக்கட்டுரையில் மடக்கையைக் குறிக்க 'மட' என்னும் சுருக்கமும், அடிமானத்தைக் குறிக்கப் பகர அடைப்பும் பயன்படுத்தப்படுகின்றன. அடுக்கு ^ என்னும் குறியால் காட்டப்படுகிறது. எனவே,

மட[அ](க) = ச என்பதும் அ^ச = க என்பதும் ஒரே பொருளுடையவை.

எடுத்துக்காட்டாக, 2 × 2 × 2 = 8 ஆதலால் மட[2](8) = 3. அவ்வாறே மட[10](1000) = 3; மட[3](1/9) = −2; மட[25](5) = 1/2.

அடிமானம் 10 ஆக உள்ள மடக்கை பொது மடக்கை எனப்படும். இக்கட்டுரையில் அடிமானம் குறிப்பிடப்படாத இடங்களில் அது 10 எனக் கொள்க. தோராயமாக 2.71828 என்னும் மதிப்புடைய ஆய்லரின் எண்ணை அடிமானமாகக் கொண்டது இயல் மடக்கை எனப்படும். கணினியியலில் 2 என்னும் அடிமானம் மிகுதியாகப் பயன்படுகிறது.

மிகை எண் ஒன்றை எந்த மெய்யெண் அடுக்குக்கு உயர்த்தினாலும் கிடைப்பது மிகை எண்ணே. ஆகவே மெய்யெண்களுக்குள் 0 இற்கும் குறை எண்களுக்கும் மடக்கை கிடையாது. 1 இன் அடுக்குகள் அனைத்தும் 1 ஆகவே இருப்பதால், 1 அடிமானமாக அமைய முடியாது. பின்வரும் விதிகளின் நிபந்தனைகள் எல்லாம் இவ்விரு கூற்றுகளிலிருந்தே தோன்றுகின்றன.

விதிகள்

க, ப ஆகியன மிகை எண்கள் எனவும், ந ஏதேனும் ஒரு மெய்யெண் எனவும் கொள்க. அ, இ ஆகியன தகுந்த அடிமானங்கள் எனக் கொள்க.

1. பெருக்கல் விதி: மட[அ](க × ப) = மட[அ](க) + மட[அ](ப)
2. வகுத்தல் விதி: மட[அ](க / ப) = மட[அ](க) − மட[அ](ப)
3. அடுக்கு விதி: மட[அ](க^ந) = ந × மட[அ](க)
4. அடிமான மாற்ற விதி: மட[அ](க) = மட[இ](க) / மட[இ](அ)
5. ஒன்றின் மடக்கை: மட[அ](1) = 0
6. அடிமானத்தின் மடக்கை: மட[அ](அ) = 1
7. நேர்மாறு விதி: அ^(மட[அ](க)) = க

மூலம் காண்பதற்குத் தனி விதி தேவையில்லை. வர்க்கமூலம் என்பது 1/2 என்னும் அடுக்கும், கனமூலம் என்பது 1/3 என்னும் அடுக்கும் ஆதலால், அவை அடுக்கு விதியிலேயே அடங்கும்.

நிறுவல்கள்

பெருக்கல் விதியை நிறுவுதற்கு மட[அ](க) = ச எனவும், மட[அ](ப) = த எனவும் கொள்க. வரையறையின்படி க = அ^ச; ப = அ^த. இவற்றைப் பெருக்கினால்,

க × ப = அ^ச × அ^த = அ^(ச + த)

ஆகவே க × ப என்பதைப் பெற அ உயர்த்தப்பட வேண்டிய அடுக்கு ச + த ஆகும். அதாவது மட[அ](க × ப) = ச + த. இதுவே நிறுவ வேண்டியது.

பெருக்கலுக்குப் பதிலாக வகுத்தலைச் செய்தால் அடுக்குகள் கழிக்கப்படும்; வகுத்தல் விதி கிடைக்கும். (அ^ச)^ந = அ^(ச × ந) என்பதிலிருந்து அடுக்கு விதி பெறப்படும்.

அடிமான மாற்ற விதியை நிறுவ, க = அ^ச என்னும் சமன்பாட்டின் இருபுறமும் இ அடிமானத்தில் மடக்கை காண்க. அடுக்கு விதியின்படி மட[இ](க) = ச × மட[இ](அ). அ என்பது 1 அன்று. ஆதலால் மட[இ](அ) சுழி அன்று. அதனால் வகுக்கக் கிடைப்பதே ச இன் மதிப்பு.

கோவைகளைச் சுருக்குதல்

பல மடக்கைகளின் கூட்டலாகவும் கழித்தலாகவும் உள்ள ஒரு கோவையை ஒரே மடக்கையாக மாற்றுவது சுருக்குதல் எனப்படும். இதற்குப் பின்வரும் ஒழுங்கு வசதியானது:

* எல்லா மடக்கைகளும் ஒரே அடிமானத்தில் உள்ளனவா எனப் பார்த்தல். இல்லையெனில் அடிமான மாற்ற விதியால் ஒன்றாக்குதல்.
* மடக்கைக்கு முன்னுள்ள எண் கெழுக்களை அடுக்கு விதியால் உள்ளே அடுக்காகக் கொண்டுசெல்லுதல்.
* கூட்டல் குறியுள்ளவற்றைப் பெருக்கலாகவும், கழித்தல் குறியுள்ளவற்றை வகுத்தலாகவும் இணைத்தல்.
* உள்ளே கிடைத்த எண்ணை அடிமானத்தின் அடுக்காக எழுத முடியுமா எனப் பார்த்தல்.

கெழுவை உள்ளே கொண்டுசெல்வதற்கு முன்னர்ப் பெருக்கல் விதியைப் பயன்படுத்தலாகாது என்பது கவனிக்கத்தக்கது. 2 மட(5) + மட(8) என்பது 2 மட(40) ஆகாது.

எடுத்துக்காட்டு 1: 2 மட(5) + மட(8) − மட(2)

= மட(25) + மட(8) − மட(2)
= மட(25 × 8 / 2)
= மட(100) = 2

எடுத்துக்காட்டு 2: க, ப, ம ஆகியன மிகை எண்களாயின், 3 மட(க) + (1/2) மட(ப) − 2 மட(ம)

= மட(க³) + மட(√ப) − மட(ம²)
= மட(க³ × √ப / ம²)

எடுத்துக்காட்டு 3: 7 மட(16/15) + 5 மட(25/24) + 3 மட(81/80)

பின்னங்களை அவ்வாறே அடுக்கேற்றிப் பெருக்கினால் மிகப் பெரிய எண்கள் வரும். அதற்கு மாறாக, எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரித்தல் நலம். 16 = 2⁴; 15 = 3 × 5; 25 = 5²; 24 = 2³ × 3; 81 = 3⁴; 80 = 2⁴ × 5. இனி ஒவ்வொரு பகா எண்ணின் மடக்கைக்கும் உரிய கெழுவைத் தனித்தனியே கூட்டுக:

மட(2) இன் கெழு: 28 − 15 − 12 = 1
மட(3) இன் கெழு: −7 − 5 + 12 = 0
மட(5) இன் கெழு: −7 + 10 − 3 = 0

எனவே கோவையின் மதிப்பு மட(2). பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் இக்கணக்குக்கு இசையியலில் ஒரு பொருள் உண்டு. 16/15, 25/24, 81/80 ஆகிய மூன்றும் சுரங்களுக்கு இடையிலான அதிர்வெண் விகிதங்களாக அறியப்பட்டவை. 2 என்பது ஒரு முழு ஸ்தாயியின் விகிதம். அவ்வகையில், முதல் இடைவெளி ஏழும், இரண்டாவது ஐந்தும், மூன்றாவது மூன்றும் சேர்ந்து ஒரு ஸ்தாயியை மிச்சமின்றி நிரப்புகின்றன என்பதையே இக்கணக்குக் கூறுகிறது.

கோவைகளை விரித்தல்

சுருக்குதலின் எதிர்ச்செயல் விரித்தல் ஆகும். சில எண்களின் மடக்கைகள் மட்டும் தெரிந்திருக்கையில் வேறு பல எண்களின் மடக்கைகளைப் பெற இது பயன்படும். மட(2) = 0.3010 எனவும் மட(3) = 0.4771 எனவும் தரப்பட்டால்,

மட(5) = மட(10/2) = 1 − 0.3010 = 0.6990
மட(45) = 2 மட(3) + மட(5) = 0.9542 + 0.6990 = 1.6532
மட(12) = 2 மட(2) + மட(3) = 0.6020 + 0.4771 = 1.0791

நான்கு தசம இடங்களுக்குத் திருத்தமான மட(12) இன் மதிப்பு 1.0792 ஆகும். கடைசி இலக்கத்தில் தோன்றும் வேறுபாட்டுக்கு விதி காரணமன்று. தரப்பட்ட மதிப்புகள் ஏற்கனவே முழுமையாக்கப்பட்டவை. அவற்றைப் பெருக்கிக் கூட்டுகையில் அச்சிறு பிழைகளும் சேர்ந்து வளர்கின்றன.

மட(7) இன் மதிப்பை இவ்விரு எண்களைக் கொண்டு விதிகளால் மட்டும் பெற முடியாது. 7 ஒரு பகா எண் ஆதலின், 2, 3, 5 ஆகியவற்றின் பெருக்கலாகவோ வகுத்தலாகவோ அதனை எழுத இயலாது. பகா எண்களின் மடக்கைகள் தெரிந்தால் ஏனைய முழுவெண்களின் மடக்கைகள் கூட்டலாலேயே கிடைத்துவிடும். மடக்கை அட்டவணைகளைத் தொகுத்தோர் இவ்வுண்மையைப் பெரிதும் பயன்படுத்தினர்.

அடிமானத்தை மாற்றுதல்

அடிமான மாற்ற விதியில் இ = க எனப் பிரதியிட்டால்,

மட[அ](க) = 1 / மட[க](அ)

என்னும் தலைகீழ் விதி கிடைக்கும் (க என்பது 1 அன்று எனக் கொள்க). அடிமானமும் எண்ணும் ஒரே எண்ணின் அடுக்குகளாக இருந்தால், அடுக்குகளை வகுத்தாலே போதும். எ.கா: மட[8](32) என்பதில் 8 = 2³, 32 = 2⁵. ஆகவே விடை 5/3.

எடுத்துக்காட்டு 4: மட[2](3) × மட[3](4) × மட[4](5) × மட[5](6) × மட[6](7) × மட[7](8)

ஒவ்வொன்றையும் பொது மடக்கைக்கு மாற்றி எழுதினால், ஒரு பின்னத்தின் மேற்பகுதி அடுத்த பின்னத்தின் கீழ்ப்பகுதியுடன் நீங்கிவிடும். எஞ்சுவது மட(8) / மட(2), அதாவது மட[2](8) = 3.

எடுத்துக்காட்டு 5: 1/மட[2](30) + 1/மட[3](30) + 1/மட[5](30)

தலைகீழ் விதியின்படி இது மட[30](2) + மட[30](3) + மட[30](5) ஆகும். பெருக்கல் விதியின்படி மட[30](30) = 1.

எடுத்துக்காட்டு 6: 25^(மட[5](3))

25 = 5² ஆதலால் கோவை 5^(2 மட[5](3)) = 5^(மட[5](9)) ஆகிறது. நேர்மாறு விதியின்படி இதன் மதிப்பு 9.

நிபந்தனைகளும் தீர்வுகளும்

மேலே தரப்பட்ட விதிகள் அனைத்திலும் க, ப ஆகியன மிகை எண்கள் என்னும் நிபந்தனை உள்ளது. எண்களை மட்டும் கையாளும்போது இது தானாகவே நிறைவேறிவிடுவதால் மாணவர் பலர் இதனைக் கவனிப்பதில்லை. மாறிகள் இடம்பெறும் கோவைகளில் நிலைமை வேறு. சுருக்குவதற்கு முன்னும் பின்னும் உள்ள கோவைகள் ஒரே ஆட்களத்தைக் கொண்டிராமல் போகலாம்.

ஆட்களம் விரிவடைதல்: மட[2](ய) + மட[2](ய − 2) = 3 என்னும் சமன்பாட்டைக் கருதுக. பெருக்கல் விதியின்படி மட[2](ய × (ய − 2)) = 3. எனவே ய² − 2ய = 8. இவ்விருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் 4, −2 ஆகும். ய = 4 எனில் மட[2](4) + மட[2](2) = 2 + 1 = 3; பொருந்துகிறது. ய = −2 எனில் முதற் சமன்பாட்டில் மட[2](−2), மட[2](−4) என்னும் வரையறுக்கப்படாத உறுப்புகள் வருகின்றன. ஆகவே −2 தீர்வன்று. இரு குறை எண்களின் பெருக்கற்பலன் மிகை எண்ணாகிவிடுவதால், சுருக்கப்பட்ட சமன்பாடு அதனை ஏற்றுக்கொண்டது. மூலச் சமன்பாடு ஏற்கவில்லை.

ஆட்களம் சுருங்குதல்: மட(ய²) = 2 என்னும் சமன்பாட்டை அடுக்கு விதியால் 2 மட(ய) = 2 என எழுதினால் ய = 10 என்னும் ஒரே தீர்வு கிடைக்கும். ஆனால் ய = −10 என்பதும் ஒரு தீர்வே; (−10)² = 100 அன்றோ. ய² மிகை எண்ணாக இருக்க ய மிகை எண்ணாக இருக்க வேண்டியதில்லை. இவ்விடத்தில் விதியின் சரியான வடிவம்,

மட(ய²) = 2 மட(|ய|)

என்பதாகும். இங்கு |ய| என்பது ய இன் தனிமதிப்பு.

முதல் வகைப் பிழையைக் காட்டிலும் இரண்டாம் வகை தீங்கானது. புகுந்துவிட்ட பொருந்தாத் தீர்வைப் பிரதியிட்டுப் பார்த்து நீக்கிவிடலாம். விடுபட்ட தீர்வையோ எவ்வளவு சரிபார்த்தாலும் கண்டுபிடிக்க இயலாது. சரிபார்ப்பதற்கு அது கையில் இருப்பதில்லை. ஆகவே இரட்டைப்படை அடுக்கை வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் தனிமதிப்புக் குறியை இடுவது நன்று.

சமன்பாடுகளில் மட்டுமன்றிக் கோவைகளிலும் இவ்வேறுபாடு உண்டு. மட(ய² − 9) − மட(ய − 3) என்பது மட(ய + 3) எனச் சுருங்கும். முதற்கோவை ய > 3 எனில் மட்டுமே பொருளுடையது. சுருக்கிய கோவையோ ய > −3 ஆகிய எல்லா எண்களுக்கும் பொருளுடையது. எனவே விடையை 'மட(ய + 3), இங்கு ய > 3' என எழுதுவதே முழுமையாகும்.

சமனிலிகளில் இன்னொரு கவனம் தேவை. பின்வரும் போலி நிறுவல் பலரும் அறிந்தது: 3 > 2, இருபுறமும் மட(1/2) ஆல் பெருக்க, 3 மட(1/2) > 2 மட(1/2), ஆகவே மட(1/8) > மட(1/4), ஆகவே 1/8 > 1/4. இதில் அடுக்கு விதி சரியாகவே பயன்படுத்தப்பட்டுள்ளது. பிழை அதற்கு முந்தைய படியில் உள்ளது. 1/2 என்பது 1 ஐ விடச் சிறியது ஆதலால் மட(1/2) ஒரு குறை எண். குறை எண்ணால் பெருக்கும்போது சமனிலியின் திசை மாற வேண்டும்.

விதிகள் அல்லாதவை

மடக்கை விதிகளைப் போலத் தோன்றினும் பொதுவாக உண்மையல்லாத கூற்றுகள் சில உள. அவற்றுள் அடிக்கடி காணப்படுவன:

* மட(க + ப) = மட(க) + மட(ப) என்பது தவறு. க = ப = 10 எனில் இடப்பக்கம் மட(20), அதாவது ஏறத்தாழ 1.3010, வலப்பக்கம் 2.
* மட(க) × மட(ப) = மட(க × ப) என்பது தவறு. க = 10, ப = 1000 எனில் இடப்பக்கம் 3; வலப்பக்கம் 4.
* மட(க) / மட(ப) = மட(க / ப) என்பது தவறு. இடப்பக்கம் அடிமான மாற்றத்தைக் குறிக்கும்; வலப்பக்கம் மடக்கைகளின் வேறுபாட்டைக் குறிக்கும்.
* (மட(க))^ந = ந × மட(க) என்பது தவறு. அடுக்கு மடக்கையின் உள்ளே இருக்கும்போது மட்டுமே விதி செல்லும்.

கூட்டலின் மடக்கையை விரிப்பதற்கு விதி எதுவும் இல்லை. அடுக்குக்குறிகளில் அ^ச + அ^த என்பதைச் சுருக்க விதி இல்லாமையே இதற்குக் காரணம். சில எண்களுக்கு முதற்கூற்று தற்செயலாக உண்மையாவதும் உண்டு. 1 + 2 + 3 என்பதும் 1 × 2 × 3 என்பதும் 6 ஆதலால், மட(1 + 2 + 3) = மட(1) + மட(2) + மட(3) என்பது சரியே. ஓர் எடுத்துக்காட்டுக்குப் பொருந்துவதால் ஒரு கூற்று விதியாகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

வரலாறு

ஒரு பெருக்குத் தொடரின் உறுப்புகளைப் பெருக்குவது, அவற்றுக்கு நேரான கூட்டுத் தொடரின் உறுப்புகளைக் கூட்டுவதற்கு ஒப்பாகும் என்னும் கருத்து மடக்கைக்கு முந்தியது. செருமானியக் கணிதவியலாளர் மைக்கேல் ஸ்டீஃபெல் 1544இல் வெளியிட்ட நூலில் 2 இன் அடுக்குகளைக் கொண்டு இத்தொடர்பை விளக்கினார். இந்தியாவில் சமணக் கணிதவியலாளர் வீரசேனர், ஓர் எண்ணை எத்தனை முறை இருசமமாகப் பகுக்கலாம் என்பதை அர்த்தச்சேதம் என்னும் பெயரால் கையாண்டார். 2 இன் அடுக்குகளைப் பொறுத்தவரை இது 2 ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையே.

மடக்கையை முதன்முதலாக வெளியிட்டவர் இசுக்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் ஆவார். 1614இல் வெளிவந்த அவரது இலத்தீன் நூலில், கோணங்களின் சைன் மதிப்புகளுக்கான மடக்கைகள் ஒவ்வொரு கலை இடைவெளிக்கும் அட்டவணையாகத் தரப்பட்டிருந்தன. வானியலில் பல இலக்கங்கள் கொண்ட சைன் மதிப்புகளை ஓயாது பெருக்கவும் வகுக்கவும் வேண்டியிருந்தமையே இதன் பின்னணி. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜோஸ்ட் பூர்கி என்பவரும் தனித்தே இத்தகைய அட்டவணை ஒன்றை உருவாக்கியிருந்தார். அது 1620இல் வெளிவந்தது.

நேப்பியரின் முதல் அட்டவணையில் இன்றைய பெருக்கல் விதி அவ்வாறே செல்லுபடியாகவில்லை. அவர் 1 இற்குப் பதிலாக 1,00,00,000 (ஒரு கோடி) என்னும் எண்ணின் மடக்கையைச் சுழியாகக் கொண்டார். 1 இன் மடக்கை அவரது முறையில் 16 கோடிக்கும் மேற்பட்ட ஓர் எண். இதனால் இரு எண்களின் பெருக்கற்பலனுக்குரிய மடக்கையைப் பெற, அவற்றின் மடக்கைகளைக் கூட்டியபின் 1 இன் மடக்கையைக் கழிக்க வேண்டியிருந்தது.

இலண்டன் கிரெசம் கல்லூரிப் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ் 1615இல் எடின்பரோ சென்று நேப்பியரைச் சந்தித்தார். 1 இன் மடக்கை 0 ஆகவும் 10 இன் மடக்கை 1 ஆகவும் அமையும் புதிய மடக்கையே ஏற்றது என்பதில் இருவரும் உடன்பட்டனர். இம்மாற்றத்தாலேயே கூடுதல் கழித்தல் நீங்கி, விதிகள் இன்றுள்ள எளிய வடிவத்தைப் பெற்றன. நேப்பியர் 1617இல் காலமானார். அவ்வாண்டிலேயே பிரிக்ஸ் 1 முதல் 1000 வரையான எண்களின் மடக்கைகளை 14 தசம இடங்களுக்கு வெளியிட்டார். 1624இல் 1 முதல் 20,000 வரையும் 90,000 முதல் 1,00,000 வரையும் அட்டவணை தந்தார். இடைப்பட்ட எண்களுக்கு டச்சுக்காரரான ஏட்ரியன் விளாக் 1628இல் 10 தசம இடங்களுக்கு மடக்கைகளை நிரப்பினார். யோகான்னசு கெப்ளர் 1627இல் வெளியிட்ட ருடால்பின் வானியல் அட்டவணைகளில் மடக்கைகள் இடம்பெற்றன.

மடக்கை என்பது ஓர் அடுக்கே என்னும் இன்றைய வரையறை பின்னரே நிலைபெற்றது. 1748இல் வெளியான லியோனார்டு ஆய்லரின் நூல் இதனைத் தெளிவாக நிறுவியது. அடுக்குகளிலிருந்து மடக்கையை வரையறுக்கும் இன்றைய பாடமுறை, வரலாற்றில் மடக்கை தோன்றிய வரிசைக்கு எதிரானது எனலாம்.

அட்டவணை வழிக் கணக்கீடு

பொது மடக்கையின் முழுவெண் பகுதி எண்ணின் பருமனையும், தசமப் பகுதி எண்ணின் இலக்கங்களையும் காட்டும். 3.47, 34.7, 347 ஆகியவற்றின் மடக்கைகள் முறையே 0.5403, 1.5403, 2.5403 ஆகும். 10 ஆல் பெருக்குவது மடக்கையில் 1 ஐக் கூட்டுவதற்குச் சமம் என்னும் பெருக்கல் விதியே இதற்குக் காரணம். ஆகவே 1 முதல் 10 வரையான எண்களுக்கு மட்டும் அட்டவணை இருந்தால் போதுமானது.

347 × 58.6 என்பதைக் காண:

மட(347) = 2.5403
மட(58.6) = 1.7679
கூட்டுத்தொகை = 4.3082

4.3082 என்பதை மடக்கையாக உடைய எண்ணை எதிர்மடக்கை அட்டவணையில் பார்த்தால் 20330 கிடைக்கும். நேரடியாகப் பெருக்கினால் 20334.2. நான்கு இலக்கத் துல்லியத்துக்கு இரண்டும் ஒன்றே. கனமூலம் காண்பதில் பயன் இன்னும் மிகுதி. 50 இன் கனமூலத்துக்கு 1.6990 என்பதை 3 ஆல் வகுத்து 0.5663 எனப் பெற்று, எதிர்மடக்கை கண்டால் 3.684 என்னும் விடை கிடைக்கும்.

இதே விதியை நீளங்களாக மாற்றியதே நழுவு அளவுகோல். எட்மண்ட் கன்ட்டர் 1620களில் மடக்கை அளவில் கோடிட்ட அளவுகோலை வெளியிட்டார். சில ஆண்டுகளில் வில்லியம் ஆட்ரெட் அத்தகைய இரு அளவுகோல்களை ஒன்றன்மீது ஒன்று நகர்த்திப் பெருக்கும் கருவியை அமைத்தார். 1972இல் கைக்கு அடக்கமான அறிவியற் கணிப்பான் விற்பனைக்கு வந்தபின் நழுவு அளவுகோல்களும் மடக்கை அட்டவணைகளும் படிப்படியாக வழக்கொழிந்தன.

பயன்பாடுகள்

இலக்கங்களின் எண்ணிக்கை: 2^100 இல் எத்தனை இலக்கங்கள் உள்ளன? மட(2^100) = 100 × 0.30103 = 30.103. இதன் முழுவெண் பகுதி 30 ஆதலால் இலக்கங்கள் 31. 2024இல் கண்டறியப்பட்ட 2^136279841 − 1 என்னும் பகா எண்ணுக்கும் இம்முறையே செல்லும். அதில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. இவ்வளவு பெரிய அடுக்குக்கு மட(2) இன் மதிப்பு மிகத் துல்லியமாக இருத்தல் வேண்டும். 0.3010 என்னும் நான்கு இட மதிப்பைப் பயன்படுத்தினால் விடையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் குறையும்.

கூட்டு வட்டி: ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டு வட்டியில் முதல் இருமடங்காக ஆகும் காலம் ய எனில், 1.08^ய = 2. இருபுறமும் மடக்கை கண்டால் ய = மட(2) / மட(1.08) = 0.30103 / 0.03342. அதாவது ஏறத்தாழ 9 ஆண்டுகள். அடுக்கில் உள்ள மாறியைக் கீழே கொண்டுவருவதற்கு அடுக்கு விதியே வழி.

ஒலியியல்: ஒலிச்செறிவு மட்டம், டெசிபெல் அலகில், செறிவு விகிதத்தின் மடக்கையைப் போல் 10 மடங்காகும். தனித்தனியே 60 டெசிபெல் தரும் ஒத்த இரு இயந்திரங்கள் ஒருங்கே இயங்கினால் செறிவு இருமடங்காகும். மட்டமோ 10 மட(2), அதாவது ஏறத்தாழ 3 டெசிபெல் மட்டுமே கூடி 63 ஆகும். 120 ஆகாது.

வேதியியல்: கரைசலின் காடித்தன்மையைக் காட்டும் பிஎச் எண், ஐதரசன் அயனிச் செறிவுடைய மடக்கையின் குறை மதிப்பாகும். பிஎச் 5 இலிருந்து 3 ஆகக் குறைந்தால் அயனிச் செறிவு 100 மடங்கு கூடியுள்ளது எனப் பொருள்.

கணினியியல்: மிகச் சிறிய நிகழ்தகவுகள் பலவற்றைப் பெருக்கும்போது விடை கணினி குறிக்கக்கூடிய மிகச் சிறிய எண்ணுக்கும் கீழே சென்று சுழியாகிவிடும். 0.1 என்னும் நிகழ்தகவு 400 முறை பெருக்கப்பட்டால் விடை 10 இன் −400 ஆம் அடுக்கு. வழக்கமான 64 பிட் மிதவைப் புள்ளி முறையில் இதனைக் குறிக்க இயலாது. மடக்கைகளைக் கூட்டினால் விடை −400 என எளிதில் கிடைக்கிறது. மொழிகளைக் கையாளும் நிரல்களிலும் பேச்சுணரி நிரல்களிலும் இம்முறை வழக்கமாகக் கையாளப்படுகிறது. பெருக்கலைக் கூட்டலாக்கும் விதி முற்காலத்தில் உழைப்பைக் குறைக்க உதவியது. கணினியில் அதே விதி விடை அழிந்துபோகாமல் காக்கிறது.

இவற்றையும் பார்க்கவும்

* மடக்கை
* அடுக்குக்குறி விதிகள்
* இயல் மடக்கை
* ஜான் நேப்பியர்
* நழுவு அளவுகோல்